ஒன்பது வாரத்தைக் கழித்துப் பாருங்கள்

மகனுக்கு ஒன்பது மாதம் முடிந்தும் உட்கார வரவில்லை. பாயில் உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்வான். கூடப் பிறந்தவள் கையை ஊன்றி உட்கார்ந்துவிட்டாள். கோத்தகிரியில் பார்க்கிறவர்கள் சொன்னது ஒன்றுதான்: "ஊசி போட்டுப் பெத்த பிள்ளைங்க, மூளை மந்தமாத்தான் இருக்கும்." மாமியார் மட்டும் ஒன்றும் சொல்லாமல் அவனை மடியில் போட்டுக்கொள்வார். எனக்கு இரவில் தூக்கமே இல்லை.

ஏழு வருடம் காத்திருந்து, கோயம்புத்தூரில் சோதனைக்குழாய் சிகிச்சை எடுத்தோம். முட்டை எடுத்த சில நாளில் வயிறு உப்பி மூச்சு வாங்கியது. சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் சேர்ந்திருந்தது. கருக்களை உறைய வைத்து, உடம்பு தேறிய பிறகு இரண்டை வைத்தார்கள். ஒன்று மட்டும் வைக்கலாமா என்று யாரும் எங்களிடம் பேசவில்லை. அது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். 31-ஆம் வாரத்திலேயே இரண்டும் பிறந்தன. அவன் 1,350 கிராம்.

குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் போனதும் முதல் கேள்வியே, "வயதை எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள்?" என்பதுதான். நாற்பது வாரம் நிறைய ஒன்பது வாரம் இருக்கும்போதே பிறந்த பிள்ளைக்கு அந்த வாரங்களைக் கழித்துத்தான் வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமாம், இரண்டு வயது வரைக்கும். அப்படியானால் அவனுக்கு ஏழு மாதம்தான். அங்கேயே அழுதுவிட்டேன்.

அப்புறம் பொறுமையாக விளக்கினார். ஸ்வீடனில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2013-இல் வந்திருக்கிறது. இந்தச் சிகிச்சைக்கும் ஆட்டிசத்துக்கும் பொதுவாகத் தொடர்பு தெரியவில்லை. அறிவுத்திறன் குறைபாடு சற்றே கூடுதல்; ஆனால் ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவர்களை மட்டும் பார்த்தால் அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. இரட்டைக் கருவும் குறைமாதமும்தான் பெரிய சுமை. கருவை வைக்கும் முன்பே இதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் வயதைக் கழித்துப் பார்த்தும் அவனுக்கு இடுப்பில் பலம் குறைவாகவே இருந்தது. பிறந்த நான்காம் வாரத்தில் கண் விழித்திரையைப் பார்த்திருந்தார்கள், காதையும் சோதித்திருந்தார்கள். இரண்டிலும் குறையில்லை. இயன்முறைப் பயிற்சிக்கு எழுதித் தந்தார். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டு சிகிச்சை தரும் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் 18 வயது வரை இது இலவசம் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் மரம் விழுந்து சாலை அடைத்த நாட்களில் போக முடியாது. சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை மாமியாரும் நானும் கம்பளி விரித்து வீட்டிலேயே செய்தோம்.

பதினொன்றாம் மாதம் உட்கார்ந்தான். பேச்சு இன்னும் தாமதம். இரண்டரை வயதுக்குப் பிறகும் ஒற்றைச் சொல்தான். போன வாரம் தேயிலைத் தோட்டத்து ஓரமாகக் கரடி இறங்கிப் போனதை ஜன்னலில் பார்த்துவிட்டு, முதல்முறையாக இரண்டு சொல்லைச் சேர்த்தான்: "கரடி போச்சு."