ஊறப்போட்ட எலும்பு

சுண்டெலியின் தொடையெலும்பு ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆனாலும் நுண்ணோக்கியில் பார்க்க அதை அப்படியே சீவ முடியாது, பிளேடு பட்டால் நொறுங்கிவிடும். இடிடிஏ என்ற ரசாயனக் கரைசலில் இரண்டு வாரம் ஊறப்போட்டு, கரைசலை மாற்றி மாற்றிக் கால்சியத்தை மெல்ல இறக்க வேண்டும். சிங்கப்பூரின் புவன விஸ்தாவில் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்ததும் எனக்குக் கொடுத்த வேலை இதுதான். ஊறி முடிந்த எலும்பை இடுக்கியால் பிடித்தபோது ரப்பர் மாதிரி வளைந்தது. கால்சியம் எல்லாம் போயிருந்தது, வடிவம் அப்படியே இருந்தது. மிஞ்சி நின்றது புரதம், பெரும்பாலும் கொலாஜன். எலும்பு என்றாலே சுண்ணாம்பு என்று நினைத்து வளர்ந்த எனக்கு, அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

முதல் வருடத்தில் ஒரு தவறு செய்தேன். அறிக்கைக்கு நாள் நெருங்கிவிட்டதால், இடிடிஏவுக்குப் பதில் அமிலத்தில் போட்டேன். இரண்டே நாளில் எலும்பு இளகியது. ஆனால் டிராப் சாயம் ஏற்றிப் பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை அந்தச் சாயம்தான் சிவப்பாகக் காட்டும். அதற்கு அவற்றின் நொதி உயிர்ப்போடு இருக்க வேண்டும். அமிலம் அதை அழித்துவிட்டது. பன்னிரண்டு சுண்டெலிகளின் எலும்பு வீணானது. மேலதிகாரி திட்டவில்லை, குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த உயிர்கள் கொடுத்ததை நான் அவசரத்தில் கொட்டிவிட்டேன்.

மறுபடி முறையாகச் செய்தபோது பார்த்ததை இன்றும் மறக்கவில்லை. பாதி சுண்டெலிகளுக்குச் சினைப்பைகளை எடுத்திருந்தார்கள். மீதிக்கு வயிற்றைத் திறந்து, எதையும் எடுக்காமல் தைத்திருந்தார்கள். எடுக்காதவற்றின் எலும்புக்குள் இடியாப்பம் போல நெருக்கமான பின்னல். எடுத்தவற்றில் பின்னல் அறுந்து, அங்கங்கே துண்டுகளாக நின்றது. ஓரமெல்லாம் சிவப்புச் செல்கள்.

சினைப்பைகளில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்தால், ஆஸ்டியோகிளாஸ்ட்டை உருவாக்கும் ராங்க்-எல் என்ற புரதம் கூடுகிறது. அதைப் பிடித்து அடக்கும் ஆஸ்டியோபுரோட்டிஜெரின் ஈடுகொடுப்பதில்லை. பெருகிய செல்கள் எலும்பின் மேல் ஒட்டி உட்கார்ந்து, அடியில் அமிலம் சுரக்கின்றன. நான் அவசரத்தில் ஒரு முறை செய்ததை அவை ஓயாமல் செய்கின்றன.

ஒட்டுவதற்கு ஒரு பிடி வேண்டுமே. ஆஸ்டியோபான்டின் என்ற புரதம் ஒரு பக்கம் எலும்பின் கனிமத்தையும் மறு பக்கம் செல்லையும் பற்றும். 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தப் புரதமே இல்லாத சுண்டெலிகளின் சினைப்பைகளை எடுத்துப் பார்த்தார்கள். அதே அறுவை செய்த சாதாரணச் சுண்டெலிகள் உட்பின்னலில் ஏறக்குறைய 60 சதவீதத்தை இழந்தன. இவை 10 சதவீதம் அளவுக்குத்தான். ஹார்மோன் இரண்டிலும் ஒரே மாதிரிதான் போனது. அந்தக் கட்டுரையை முதலில் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு படித்தேன், இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன். ஆனால் காயம் ஆறுவதிலும் இதே ஆஸ்டியோபான்டினுக்குப் பங்கு உண்டு. அதை அடைத்துவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன்.

ஈசூனில் இருக்கும் என் சித்தி 52 வயதில் ஈரச்சந்தையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டோடு உட்கார்ந்து கேட்டார்: "தினமும் பால் குடிக்கிறேன், கால்சியம் மாத்திரையும் போடுறேன். அப்புறம் எப்படிடி உடையும்?"

அவருக்கு 41 வயதில் கர்ப்பப்பையை எடுத்தது எனக்குத் தெரியும். "சித்தி, சினைப்பையையும் எடுத்தாங்களா?" என்றேன். அவருக்குத் தெரியவில்லை. பீரோவின் அடியிலிருந்து பழைய காகிதங்களை எடுத்து வந்தார். இரண்டையும் எடுத்திருந்தார்கள். பதினோரு வருடமாக அவர் உடம்பில் என்ன நடந்தது என்று அவருக்குப் புரியும் மொழியில் யாருமே சொல்லியிருக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை. பால் குடிப்பது நல்லதுதான். ஆனால் கரைப்பவன் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது செங்கல்லை மட்டும் கொண்டுவந்து குவித்து என்ன பயன்?

எலும்பு அடர்த்தி ஸ்கேனில் டி ஸ்கோர் மைனஸ் 2.5க்கும் கீழே, அதாவது எலும்புப்புரை. மருத்துவர் டெனோசுமாப் ஊசி எழுதினார், ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ராங்க்-எல்லைப் பிடித்து அடக்கும் வேலையை அது வெளியிலிருந்து செய்கிறது. நான் தினமும் கண்ணாடித் தகட்டில் பார்க்கும் சண்டையில் சித்திக்கு ஓர் ஆள் கிடைத்தது.

இரண்டாவது ஊசிக்கு முன்னால், ஊருக்குப் போய் மூன்று மாதம் கழித்து வந்து போட்டுக்கொள்கிறேன் என்றார். அந்த ஊசியைத் தள்ளிப்போட்டால் அடங்கியிருந்த செல்கள் ஒரேயடியாகக் கிளம்பும். முதுகெலும்பே நொறுங்கியவர்கள் உண்டு. ஊறிய எலும்பு வளைந்ததையும் சிவப்புச் செல்களையும் சொல்லிக் கெஞ்சினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தினசரிக் காலண்டரை எடுத்து வரச் சொன்னார். ஊசி நாளுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டோம். விமான டிக்கெட்டை அதற்கு அடுத்த வாரத்துக்கு மாற்றினோம்.