ஒன்று, இரண்டு, மூன்று

மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டின் நீச்சல் குளம். என் பிள்ளைகள் இருவர், அக்காவின் பிள்ளைகள் இருவர். பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான். நால்வருக்கும் ஆரஞ்சு நிற நீச்சல் உடை. நீலம் தண்ணீரோடு கலந்துவிடும் என்பதால் வேண்டுமென்றே வாங்கினேன். தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

ஒருமுறை மூன்றுதான் வந்தது.

அக்காவின் சின்னவன் ஆழமான பக்கம் நழுவியிருந்தான். தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில். கத்தவில்லை, கையசைக்கவில்லை. மூழ்கும் குழந்தைக்கு மூச்சு விடவே வாய் போதாது, எங்கிருந்து கூப்பிடும்? சுடிதாரோடு குதித்துத் தூக்கினேன்.

“சித்தி, தரை காணோம்” என்றான், இருமலுக்கு நடுவில். அவன் நகம் பதிந்த தடம் என் தோளில் இரவுவரை இருந்தது. மறுநாள் அக்கா வந்த பிறகே குளத்தில் இறங்கவிட்டேன்.