சாஹேப் பார்த்துக்கொள்வார்

“சாஹேப் தேக் லேங்கே.” சார் பார்த்துக்கொள்வார். 2002-ல், குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள புஜ்ஜில், ஒரு தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து, வயதான தையல்காரர் ஒருவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். சொல்லியிருக்கக் கூடாது என்று சில நாள் தோன்றுகிறது. வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று சில நாள்.

அன்று மேஜையில் விரித்திருந்தது, முந்தின வருட நிலநடுக்கத்தில் இடிந்த ஊரைத் திரும்பக் கட்டுவதற்கான வரைபடம்: கோட்டைச் சுவருக்குள் இருந்த பழைய ஊரின் ஒரு பகுதி. ஊரையே வேறு இடத்துக்கு மாற்றிவிடலாமா என்ற வாக்குவாதம் அதற்குள் முடிந்திருந்தது. இடிந்த இடத்திலேயே கட்டுவது, விரும்புகிறவர்களுக்கு வெளியே நாலு இடங்களில் மனை தருவது என்று ஆகியிருந்தது. உள்ளே இருப்பவர்களின் மனைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, சாலைக்கு வேண்டியதைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பிப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கழிவுக்கு அங்கே ‘கபாத்’ என்று பெயர். 30 சதுர மீட்டருக்குள் இருந்தால் கபாத் இல்லை. மனை பெரிதாகப் பெரிதாக அது 35 சதவீதம் வரை போகும். வருகிறவர்கள் எல்லோரும் அதற்கே சண்டை போட்டார்கள். அவர்கள் கத்தக் கத்த நான் படத்தில் எல்லைக் கோடுகளைப் பென்சிலால் தள்ளித் தள்ளிப் போட்டேன். கத்துகிறவருக்குக் கோடு கொஞ்சம் நகர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

தையல்காரர் கத்தவில்லை. பாலித்தீன் பையிலிருந்து வாடகை ரசீதுகளை எடுத்து, மண் ஒட்டியிருந்ததை உள்ளங்கையால் துடைத்து, வருட வாரியாக அடுக்கினார். 32 வருடம். அப்புறம் குனிந்து, கோயிலிலிருந்து விரலை நகர்த்திக்கொண்டே வந்து ஒரு மனையில் நிறுத்தினார். “இந்த நக்ஷாவில் நான் எங்கே இருக்கிறேன்?”

அந்த எண்ணுக்கு நேராகப் பதிவேட்டில் மனைக்காரர் பெயர் இருந்தது. அவர் இருப்பது மும்பை முலுண்டில். கட்ச்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மும்பையில் வியாபாரம் செய்பவர்கள், அதில் வியப்பில்லை. அந்த மனைக்குள் உட்கார்ந்து தைத்தவர் எதிரே நிற்கிறார். எழுத இடமில்லை. மனை எண், உரிமையாளர், பரப்பு, கபாத், புது எண், அவ்வளவுதான் கட்டங்கள்.

நான் சாரைப் பார்த்தேன். சார் மும்பை மாட்டுங்காக்காரர், எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். தலையை நிமிர்த்தாமல் தமிழில் சொன்னார்: “பேர் எழுதாத தம்பி. இவர் பேரை எழுதினா நாளைக்கு வாசல்ல நூறு பேர் நிப்பாங்க. சட்டத்துல இவங்களுக்கு இடமில்ல. அனுப்பி வை.”

தமிழ் அங்கே எங்களுக்கு ஒரு கதவு மாதிரி. சாத்திக்கொண்டு பேசலாம். தையல்காரர் சாரைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த மூன்று வார்த்தையைச் சொன்னேன். “மெஹர்பானி” என்று சொல்லி ரசீதுகளை அடுக்கினபடியே பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

சாரைக் கல்நெஞ்சக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. புஜ்ஜுக்கு வந்த முதல் வாரமே என்னை அஞ்சாருக்குக் கூட்டிப்போனார். 2001 குடியரசு தின ஊர்வலத்தில் போன 185 குழந்தைகளும் 20 ஆசிரியர்களும் இரண்டு பக்கமும் வீடுகள் சரிந்து இறந்த குறுகலான சந்து அங்கேதான். “ரோடு ஏன் அகலமா இருக்கணும்னு யாராவது கேட்டா இதை நினைச்சுக்கோ” என்றார். திட்டம் ஒப்புதலாகாமல் யாருக்கும் கட்ட அனுமதி கிடையாது. வாடகைதாரர் உரிமையை உள்ளே கொண்டுவந்தால் மனைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள், எல்லோரும் இன்னொரு கோடையும் தகரத்தின் கீழே வேக வேண்டியதுதான் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் தப்பு எங்கே என்று இன்றைக்கும் எனக்குக் காட்டத் தெரியாது.

ஆனால் சார் சொன்னது “இடமில்ல” என்று. அதைப் “பார்த்துக்கொள்வார்” என்று மாற்றியது நான். “இந்தப் படத்தில் உங்களுக்கு இடம் கிடையாது, கலெக்டர் அலுவலகத்தில் தனியாக மனு கொடுங்கள்” என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே போயிருப்பாரோ என்னவோ. என் வார்த்தையை நம்பி எத்தனை மாதம் காத்திருந்தாரோ. வாடகைக்கு இருந்தவர்கள் பலர், ஜி.ஐ.டி.சி. என்ற குஜராத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் இடத்தில் போட்ட தற்காலிகக் குடியிருப்பிலேயே வருடக்கணக்கில் கிடந்தார்கள். அவர்களில் இவரும் ஒருவரா என்று நான் விசாரிக்கவில்லை. அதற்குள் மும்பை திரும்பியிருந்தேன், வேறு வேலை, வேறு படம். இது காரணம் ஆகாது என்று எனக்கே தெரிகிறது.

இத்தனை வருடம் கழித்து இதை எழுத வைத்தது தாராவி. 90 அடி ரோட்டுக்குப் பின்னால் அத்தை ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறாள். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்குக் கணக்கெடுக்க இரண்டு பையன்கள் வந்தபோது நான் அங்கே இருந்தேன். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு. மாடியில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியேதான். பெரிய பையன் சின்னவனிடம் மராத்தியில் சொன்னான்: இந்த அம்மா வாடகைக்கு இருக்கிறவர், இப்போது ஒன்றும் சொல்லாதே, அழ ஆரம்பித்துவிடுவார்.

அத்தை என் பக்கம் திரும்பினாள். “என்னல சொல்லுதான்?”

இந்த முறை உள்ளதை உள்ளபடியே சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு அடுப்பை அணைத்தாள். அவள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று அம்மா போனில் சத்தம் போட்டாள். “வயசானவகிட்ட இத இப்பவே சொல்லணுமால? நீ என்ன பெரிய அதிகாரியா?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தத் தையல்காரரும் என் பொய்யால் கொஞ்ச நாளாவது நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார் என்று அன்று ராத்திரி ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் அருவருப்பாக இருந்தது. அருவருப்பாக இருந்ததே தவிர, நினைப்பு போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தையே கூப்பிட்டாள். மனு எழுத வேண்டுமாம். போனேன். பழைய ஹார்லிக்ஸ் டப்பாவில் ரசீதுகள் இருந்தன. மேஜை இல்லாததால் தரையிலேயே வருட வாரியாக அடுக்கினேன். எல்லாம் மாமா பெயரில். மாமா போய் ஒன்பது வருடமாகிறது. அதற்கப்புறம் வீட்டுக்காரர் ரசீதே கொடுக்கவில்லை.

“இது போதுமால?” என்றாள்.

“தெரியல அத்தை” என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.