மலை ரோட்டில் ஜிபிஎஸ் அட்டெண்டன்ஸ்

சேலம் அஸ்தம்பட்டியில் மோட்டார் பம்ப் சர்வீஸ் பண்ற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஃபீல்டு மெக்கானிக்குகளோட அட்டெண்டன்ஸ், சம்பளம், பெட்ரோல் பில் எல்லாம் என் கையில்தான். லொகேஷன் பார்த்து நேரம் பதிவு பண்ற ஆப் வந்த பிறகு டவுன் வேலைகளில் தகராறே இல்லை. கஸ்டமர் கையெழுத்துக்காகக் காத்து நிற்கவும் வேண்டாம்.

ஏற்காடு வேலைதான் வேற கதை. திறந்த வெளியில் போன் ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிடும். அதுக்குக் குறைஞ்சது 4 சாட்டிலைட் சிக்னல் கிடைக்கணும். காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலும் மலைச் சரிவும் சிக்னலை மறைச்சா, புள்ளி பக்கத்து எஸ்டேட்டுக்குத் தாவிடுது.

பெட்ரோல் கணக்குதான் எனக்கு ரொம்ப ஆத்திரம். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. ஆப் கால் மணிக்கு ஒரு தடவை இடத்தைக் குறிச்சு, புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு போட்டா, வளைவெல்லாம் கணக்கில் வராது. மூத்த மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் போனை என் முன்னாடி நீட்டினார். "ஏங்கண்ணு, நான் என்ன பறந்தா போனேன்?" பச்சைக்கோடு காட்டுக்கு நடுவில் நேரா மலை ஏறியிருந்தது. கணக்கில் விட்டுப்போற பெட்ரோல் அவர் சொந்தக் காசு. அதனால மலை வேலைக்கு இப்ப பைக் மீட்டர் போட்டோதான் கணக்கு.

ஆப் வாங்கப் போறவங்க ரெண்டு விஷயம் கட்டாயம் கேளுங்க. டவர் இல்லாத இடத்தில் செக்-இன் போட்டா, பட்டன் அமுக்கின நேரம் நிற்குதா, டவர் கிடைச்சு அனுப்பின நேரம் விழுதா? ரெண்டாவதா, செக்-அவுட் ஆனதும் டிராக்கிங் நிக்குதா? ஒருத்தர் சாயங்காலம் எங்கே போறார்ங்கிறது கம்பெனிக்கு எதுக்கு? 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆளை அடையாளம் காட்டுற தகவல் எல்லாமே தனிநபர் தரவுதான். ஆள் பேரோட பதிவாகிற லொகேஷனும் அதில் சேர்த்திதான். எதைப் பதிவு பண்றோம்னு முதல் நாளே தமிழில் எழுதிக் கொடுத்துடணும்.

வேலை இடத்தைச் சுத்தி ஆப்பில் வட்டம் போடுறதிலும் கவனம் வேணும்; அந்த வட்டத்துக்குள்ள இருந்தாதான் அட்டெண்டன்ஸ் விழும். எஸ்டேட் கேட்டில் புள்ளி வெச்சு 50 மீட்டர் வட்டம் போட்டா, கீழே ஓடைப் பக்கம் பம்ப் ஹவுசில் நாள் முழுக்க வேலை செய்யறவருக்கு ஆப்சென்ட் விழும். ஆண்ட்ராய்டு வழிகாட்டியே 100 முதல் 150 மீட்டராவது வைக்கச் சொல்லுது. நாகலூர் பக்கத்து எஸ்டேட்டுகளுக்கு நான் பம்ப் ஹவுசிலேயே புள்ளி வெச்சு, 200 மீட்டர் போட்டிருக்கேன். அப்படியும் ஆப்சென்ட் காட்டினா, சம்பளத்தில் கை வைக்கிறதுக்கு முன்னாடி அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடுவேன்.