கொல்லை நிழலில் யூக்காரிஸ் பூத்துவிட்டது

ஒருவழியாகப் பூத்தேவிட்டது! கொல்லையில் பலாமரத்தடித் தொட்டியில் வைத்த யூக்காரிஸ், நர்சரியில் அமேசான் லில்லி என்று விற்பார்களே, அதுதான். முழங்கால் உயரத்துக்குத் தண்டு, உச்சியில் கொத்தாக மொட்டு. விரிந்ததெல்லாம் தலை கவிழ்ந்து நிற்கிறது. ஆறு வெள்ளை இதழ், நடுவில் ஒரு சின்னக் கிண்ணம், கிண்ணத்தில் இளம்பச்சைச் சாயல். கிட்டே போனாலே வாசனை.

தலை கவிழும் நிழல்பூ வேண்டும் என்று ஹெல்லிபோர் மேல் ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஐரோப்பியக் குளிருக்குப் பழகிய செடி. பூக்கக் குளிர் வேண்டும். மார்கழி, தையிலும் இரவு 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் மன்னார்குடியில் அது நடக்காது. யூக்காரிஸ் கொலம்பியா, பெரு பக்கத்து மழைக்காட்டு அடிநிழலில் வளர்வது. நம் புழுக்கம் அதற்கு ரொம்பப் பிடிக்கும்.

இலைக்கு என்றைக்கும் குறைவில்லை. பூதான் போக்குக் காட்டியது. எப்போதும் ஈரமாகவே வைத்திருந்தால் இலையாகத் தள்ளிக்கொண்டே போகும். மூன்று நான்கு வாரம் காயப்போட்டு, பிறகு நன்றாக நனைத்து உரம் கொடுத்தால் தண்டு எழும். ஆனால் கலேடியம், ஃபுட்பால் லில்லி மாதிரி இலை உதிர்ந்து உறங்கும் வகை அல்ல இது. இலை லேசாகத் தொய்யலாம், மஞ்சளாகக் கூடாது. அந்தப் பதத்தைப் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

டெல்டா களிமண் தரையில் இந்தப் பதம் கிடைக்காது. மேலே வெடித்துக் கிடக்கும், ஒரு சாண் தோண்டினால் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் கொல்லையில் தண்ணீரே நிற்கும். அதனால் தொட்டிதான், அதுவும் மண்தொட்டி. பிளாஸ்டிக்கைத் தட்டினால் ஒன்றும் தெரியாது; மண்தொட்டி பேசும். மரக்கரண்டிக் காம்பால் தட்டிப் பாருங்கள்: உள்ளே ஈரம் இருந்தால் டொப்பென்று அமுங்கும், காய்ந்திருந்தால் கணீரென்னும். விளிம்புப் பக்கம் சீக்கிரம் கணீரென்றுவிடும், அதை நம்பக் கூடாது. அடியிலிருந்து நாலு விரல் மேலே தட்ட வேண்டும். அங்கேயும் கணீரென்ற பிறகுதான் வாரக் கணக்கை ஆரம்பிக்கிறேன். விரிசல் விட்ட தொட்டி எப்போதுமே டொப்பென்றுதான் கேட்கும், ஆகவே வாங்கும்போதே தட்டிப் பார்த்து வாங்குங்கள்.

இலையை மத்தியானத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த வெக்கையில் எல்லாமே தொய்யும். விடிகாலையில், இரவெல்லாம் ஆறின பிறகும் இலை நிமிரவில்லை என்றால் அதுதான் நனைக்கும் நேரம். மாசி, பங்குனியில் காயப்போட்டேன். நடுவில் கோடைமழை வந்தால் கெட்டுவிடும் என்று தொட்டிகளைப் பின்தாழ்வாரத்துக்கு மாற்றியது நல்லதாகப் போயிற்று. சித்திரையில் தொட்டியோடு வாளித் தண்ணீரில் இறக்கி, குமிழி அடங்கும் வரை விட்டு எடுத்தேன். அப்புறம் கடலைப் புண்ணாக்கு ஊறின தண்ணீர், நீர்க்க.

தொட்டிக் கலவைக்கான தேங்காய் நார்க்கழிவு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மலிவு. உப்புப் போகும்வரை நாலு தண்ணீர் விட்டு அலச வேண்டும். கிழங்கு வாங்குவதில்தான் எரிச்சல். ஆன்லைனில் ஒருவர் யூக்காரிஸ் என்று சொல்லி விஷமூங்கில் (கிரைனம்) வகைக் கிழங்கை அனுப்பிவிட்டார். துளிர் வந்தால் தெரிந்துவிடும்: யூக்காரிஸ் இலைக்குத் தனிக்காம்பு உண்டு, அகன்ற இலை, கிரைனத்துக்குக் காம்பில்லாத நீள்பட்டை. இலையோடு இருக்கும் செடியாகவே வாங்குங்கள்.

கஜா புயலில், 2018 நவம்பரில், கொல்லைத் தென்னையெல்லாம் சாய்ந்து நிழலே போயிற்று. தப்பி நின்ற பலாவை நம்பித்தான் இத்தனையும். அதன் வடக்குப் பக்கம் இன்னும் இடம் இருக்கிறது. அங்கே கெம்ஃபெரியா ரொட்டண்டா வைக்கப் போகிறேன். இஞ்சி இனம், கோடையில் இலை வருவதற்கு முன்பே மண்ணை ஒட்டிப் பூத்துவிடும். அதுவும் மழைக்காலத் தண்ணீரில் நின்றால் அழுகும், ஆகவே முதலில் செங்கல் அடுக்கி ஒரு முழம் மேடு கட்ட வேண்டும். பூத்த யூக்காரிஸைப் பிரித்து நட இப்போது எண்ணமில்லை. கிழங்குகள் நெருக்கியடித்து நின்றால்தான் அது நன்றாகப் பூக்கும். கேட்டு வைத்திருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.