மூலைக்கால்

கம்பி வேலி போடும் தொழிலுக்குத் தனியாகப் படிப்பு எதுவும் கிடையாது. ஒரு மேஸ்திரியிடம் கையாளாகச் சேர வேண்டும், குழி தோண்ட வேண்டும், அவ்வளவுதான். நானும் காங்கேயம் பக்கம் அப்படித்தான் சேர்ந்தேன். அதுவரை வேலி என்றால் கம்பி இழுத்துக் கட்டுவது என்று நினைத்திருந்தேன். கம்பி கட்டுவது கடைசி வேலை. வேலி நிற்குமா சாயுமா என்பது அதற்கு வெகு முன்பே முடிவாகிவிடும்.

முதலில் அளவு. மேஸ்திரி அண்ணன் எந்தக் காட்டுக்கு, அதாவது விவசாய நிலத்துக்கு, போனாலும், "பக்கத்துக் காட்டுக்காரரைக் கூப்பிட்டாச்சுங்களா?" என்றுதான் கேட்பார். புலப்படம், சர்வேயர் வந்து காட்டிய கல், இரண்டு தரப்பும் பக்கத்தில் நிற்பது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கயிறு கட்டுவார். பொழியில், அதாவது நில எல்லையில், ஒரு சாண் தள்ளிப் போனால்கூட அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றுவிடும், அதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் எல்லையில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியே வேலிக்கால் ஊன்றச் சொல்வார். இடம் போகிறதே என்று வருத்தப்படுபவர்களிடம் பொறுமையாக உட்கார்ந்து பேசுவார். அந்தப் பேச்சும் எங்கள் வேலையில் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன்.

அப்புறம் குழி. எட்டடிக் காலுக்கு இரண்டடி ஆழம் வேண்டும். மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் தோண்டினால் கால் ஆடும். செம்மண்ணில் குழி போடும் மெஷின் சில நிமிடங்களில் இறங்கிவிடும். எங்கள் பக்கத்து மண்ணில் சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல் தட்டுப்பட்டால் மெஷின் எகிறும். அங்கே கடப்பாறைதான். கரிசல் மண் வேறு மாதிரி. மழையில் உப்பி, வெயிலில் வெடித்து, நேராக நட்ட காலையும் தள்ளிவிடும். அங்கே குழியை இன்னும் ஆழமாக்கிக் கான்கிரீட்டும் போட வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் மூலைக்கால். நடுவில் நிற்கும் கால்கள் கம்பியைத் தாங்கிப் பிடித்தால் போதும். இழுவை முழுவதும் மூலையில்தான் வந்து விழும். அதற்குத் தடித்த கல் வேண்டும், இரண்டு திசைக்கும் சாய்வாக முட்டுக்கால் வேண்டும், அடியில் ஜல்லிக் கான்கிரீட் வேண்டும். நீண்ட நேர்கோடாக இருந்தால் நடுவிலும் சில கால்களுக்கு முட்டுக் கொடுப்போம். கான்கிரீட் இறுகும் வரை ஒரு வாரமாவது கம்பியைத் தொடக்கூடாது. "நாளைக்கே இழுத்துருங்க தம்பி" என்று காட்டுக்காரர் அவசரப்படுத்துவார். அவசரப்பட்டு இழுத்த வேலியில் மூலைக்கால் உள்பக்கம் சாயும், அது சாய்ந்தால் மொத்த வரிசையும் தொய்ந்துவிடும். இந்த ஒரு வாரத்துக்காகச் சண்டை போட்டாலும் தப்பில்லை என்பது என் எண்ணம்.

கம்பியில் ஏமாறுபவர்கள் நிறைய. கம்பியின் தடிமனைச் சொல்லும் கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும், பலருக்கு இது தெரியாது. 10 கேஜ் என்றால் சுமார் 3.25 மில்லிமீட்டர், 12 கேஜ் என்றால் சுமார் 2.64. பெரிய எண்ணைக் கேட்டு நல்ல கம்பி என்று வாங்கிவிடுவார்கள். கம்பி வந்து இறங்கியதும் காட்டுக்காரர் கண் முன்னால் அளந்து காட்டுவது நல்ல பழக்கம். கட்டும்போது மேல், நடு, கீழ் என்று மூன்று வரிக் கம்பிகளை முதலில் விறைப்பாக இழுத்துவிட்டுத்தான் சுருளாக வரும் பின்னல் கம்பி வலையை விரிப்போம். ஒரு சுருள் முடிந்து அடுத்ததைச் சேர்க்கும்போது கட்டுக்கம்பி போடக்கூடாது. ஓரத்துக் கம்பி ஒன்றைத் திருகிக் கழற்றி, இரண்டு வலைக்கும் நடுவில் மறுபடி திருகி நுழைத்தால், தலை பின்னியது போல இணைப்பே தெரியாது. இதைப் பழகிய நாளில் எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் ஒவ்வொரு இணைப்பிலும் வருகிறது.

சமீப வருடங்களாக எங்கள் பகுதியில் வேலை பெருகியதற்குத் தெருநாய்கள் முக்கியக் காரணம். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் பட்டிக்குள் நாய் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடுவதும் செய்திகளில் வந்தபடி இருக்கின்றன. காலையில் பட்டியைத் திறந்து பார்த்தவர்களின் முகத்தைப் பார்த்தால் கூலி பேசவே மனம் வராது. நாய் தாண்டி வருவதை விடத் தோண்டி வருவதுதான் அதிகம். எனவே வலையின் அடிப்பகுதியை அரை அடியாவது மண்ணுக்குள் புதைக்கச் சொல்கிறேன்.

ஒரு வருத்தமும் உண்டு. கொரங்காடு என்று எங்கள் ஊரில் சொல்லும் மேய்ச்சல் காடுகளுக்குப் பழைய வேலி கிளுவைதான். கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் முள்ளுக்கிளுவை, நடுவில் காங்கேயம் மாடுகள். கிளுவைக்குச்சியை வெட்டி மழைக்கு முன்னே நட்டால் அதுவே வேர் பிடிக்கும், கவாத்து செய்தால் அடர்ந்துகொள்ளும். பராமரிக்க ஆள் கிடைக்கவில்லை என்று ஜேசிபி வைத்துப் பிடுங்கிவிட்டு எங்களைக் கூப்பிடுகிறார்கள். கீரி, ஓணான், குருவி எல்லாம் குடியிருந்த வேலி அது. இப்போது நான் கேட்டுப் பார்க்கிறேன்: கிளுவையை விட்டுவிட்டு உள்பக்கமாக வலை போடலாமே என்று. சிலர் சம்மதிக்கிறார்கள். அங்கே வேலை கொஞ்சம் சிரமம், முள் கிழிக்கும், ஆனாலும் அதைத்தான் விரும்பிச் செய்கிறேன்.

மலையடிவாரத்தில் இருந்தும் அழைப்பு வரும். யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் சோலார் வேலி போடுபவர்கள் உண்டு. முறையான கருவி வைத்தால் அதில் விட்டுவிட்டு வரும் துடிப்பு மின்சாரம்தான், அடிக்கும், கொல்லாது. சிலர் கரண்ட் கம்பியில் இருந்து நேராக இழுத்துவிடுகிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்துப்போயின. அதே வருடம் தமிழக அரசு மின்வேலிகளுக்கு விதிகள் கொண்டுவந்தது. வனத்தை ஒட்டிய இடங்களில் வனத்துறை அனுமதி இல்லாமல் போட முடியாது. அனுமதிக் கடிதத்தைக் காட்டினால் கால் ஊன்றிக் கொடுக்கிறேன். நேர் கரண்ட் என்று பேச்செடுத்தால் வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆட்களை வண்டியில் ஏறச் சொல்லிவிடுவேன்.