க அடித்தால் ல: 48 கீ பலகையில் கியூஎம்கே

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, இரவு பதினொன்றரை மணிக்கு, 'சும்மா' என்ற சொல் திரையில் ஒழுங்காக விழுந்தது. கையாலேயே ஒயர் இழுத்த 4×12 கீபோர்டு, உள்ளே ப்ரோ மைக்ரோ என்ற குட்டி மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. முதலில் 'சும்மா'வை அடித்துப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. தமிழ்99 விசை அமைப்பில் ண-வுக்கு வலப்பக்கம் ச, அதற்கடுத்து ஞ. பன்னிரண்டே நெடுவரிசை உள்ள பலகையில் ண-வுக்குப் பக்கத்தில் பேக்ஸ்பேஸ் வந்து உட்கார்ந்துகொள்ளும். ச இல்லாமல் தமிழில் என்னத்தை எழுதுவது? பேக்ஸ்பேஸைக் கட்டைவிரலுக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தை ச-வுக்குக் கொடுக்கத்தான் கியூஎம்கே பக்கமே வந்தேன், எந்தக் கீ என்ன செய்ய வேண்டும் என்று நாமே எழுதிக்கொள்ளும் ஃபர்ம்வேர் (கீபோர்டுக்குள் ஓடும் மென்பொருள்) அது.

சால்டரிங் கதை வேண்டாம். 48 டயோடு, 1என்4148, கறுப்புக் கோடெல்லாம் ரோ (கிடைவரிசை ஒயர்) பக்கம். அதில் தப்பு இல்லை. ஆனால் தப்பு அங்கேதான் என்று நம்பி இரண்டு மாலைகளைத் தொலைத்தேன்.

ஃபர்ம்வேரை ஏற்றியதும் முதலில் தொட்டது அ. ஒன்றுமே வரவில்லை. ஒட்டு சரியில்லை என்று மறுபடி சூடு வைத்தேன். அப்போதும் இல்லை. சுவிட்சையே மாற்றினேன், ம்ஹும். அலுத்துப் போய்ப் பக்கத்துக் கீகளைத் தட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. க அடித்தால் ல, ப அடித்தால் ர, ம அடித்தால் கால்புள்ளி. எல்லாம் ஒரு வரிசை கீழே! நான்கு ரோவும் தலைகீழாக இருந்தன. அ செத்துப் போகவில்லை, ஷிப்ட் ஆகியிருந்தது. தனியாக ஷிப்டை அழுத்தினால் என்ன வரும்?

ப்ரோ மைக்ரோவில் அச்சடித்திருப்பது ஆர்டுயினோ எண், கியூஎம்கே கேட்பது சிப்பின் கால் பெயர். ஏ0 என்று போட்டிருப்பது எஃப்7. ஏ1 எஃப்6, ஏ2 எஃப்5, ஏ3 எஃப்4. நான் ஏறுவரிசையில் போகும் என்று எண்ணி ஏ0-வுக்கு எஃப்4 என்று எழுதிவிட்டேன். இன்னொரு பக்கம் 2 என்பது டி1, 3 என்பது டி0. அதையும் மாற்றிப் போட்டிருந்தேன். அதனால்தான் வரிசையைத் திருப்பிய பிறகும் டேப் இருக்க வேண்டிய இடத்தில் ஆ வந்தது. 4 மட்டும் டி4! அந்த ஒன்று பொருந்தியதைப் பார்த்து மற்றதையும் நம்பியதுதான் வினை. ஜேசன் கோப்பில் ஆறு பெயரை மாற்றினேன், முடிந்தது.

ஏற்றுவதும் லேசில்லை. ஆர்எஸ்டி, ஜிஎன்டி கால்கள் இரண்டையும் சாமணத்தால் சட்டென்று இருமுறை இணைத்துத் தொட்டால்தான், புது ஃபர்ம்வேரை வாங்கிக்கொள்ளும் பூட்லோடர் எட்டு நொடி காத்திருக்கும். ஒருமுறை தொட்டால் ஒரு நொடிகூட நிற்காது. இப்போது ஒரு லேயரில் (வேறொரு கீயைப் பிடித்தால் வரும் இன்னொரு அடுக்கு) பூட்லோடருக்குப் போகும் பூட் கீயை வைத்துவிட்டேன், சாமணம் தட்டிலேயே கிடக்கிறது. முதல் ஞாயிறு போனதோ வெறும் சார்ஜ் கேபிளால். டேட்டா போகும் என்று சத்தியம் செய்து கொடுத்த கடைக்காரருக்கு என் வணக்கம். டயோடு, ஒயர் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் சல்லிசாகக் கிடைத்தன. கேபிளையும் அங்கேயே வாங்கியிருக்கலாம்.

அடுத்த பலகைக்கு ஆர்பி2040 சிப் உள்ள போர்டுதான். பூட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு செருகினால் பென் டிரைவ் மாதிரி வரும், கோப்பை இழுத்துப் போட்டால் போதும். யூஎஸ்பி-சி உள்ளதாகப் பார்த்து வாங்கினால், ப்ரோ மைக்ரோவின் மைக்ரோ யூஎஸ்பி வாய் பெயர்ந்து வரும் என்ற பயமும் இல்லை.

ஆனால் இதுவே இன்னும் முடியவில்லை. நடுவரிசையில் கண்ட்ரோல், ஆல்ட் வைத்துப் பார்க்கிறேன். தட்டினால் உ, பிடித்தால் கண்ட்ரோல். 'குறை' அடிக்கும்போது உ மேல் விரல் 200 மில்லிநொடிக்கு மேல் தங்கினால், ற இருப்பது யூ கீயில் என்பதால் அது கண்ட்ரோல்-யூ ஆகி, அதற்குப் பின் அடிப்பதெல்லாம் அடிக்கோட்டோடு வருகிறது. தட்டலா பிடிப்பா என்று முடிவு செய்யும் அந்த நேரத்தை, அதாவது டேப்பிங் டெர்மை, 250 ஆக்கிய பிறகு பாதி குறைந்தது. ஞ இன்னும் லேயருக்குள் ஒளிந்திருக்கிறது. ண, ச இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஞ வரும்படி காம்போ போட வேண்டும்.

பழைய பழக்கம் மட்டும் விரலை விட்டுப் போகவில்லை. அழிக்கப் போகும்போதெல்லாம் ச விழுகிறது. இதை அடித்து முடிப்பதற்குள் எத்தனை ச-வை அழித்தேன் என்று எண்ணவில்லை.